கை விறைப்பு: கார்பல் டனல் நோயில் நாம் விடும் பிழைகள்

அம்மாவின் கைவலி நின்றபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். நாங்கள் விட்ட பிழைகளில் பெரியது அந்த மகிழ்ச்சிதான் என்று தெரியவர இன்னும் ஏழெட்டு மாதங்கள் பிடித்தன.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். அப்பா காலமான பிறகு அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். விடியப்புறம் 3 மணிக்கு எழுந்து மாக் குழைத்து, உரலில் அடைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிழிந்து, 6 மணிக்குள் 300 இடியப்பம் பெட்டியில் அடுக்கிவிடுவார். பகலில் தையல். 48 வயதளவில், நித்திரையில் இருந்து திடுக்கிட்டு எழும்பி வலக் கையை ஈரத் துணி உதறுவதுபோல உதறத் தொடங்கினார். “கை விறைத்துப்போகிறது பிள்ளை. உதறினால் சரியாகிவிடும், நீ படு” என்பார்.

உதறினால் சரியானது உண்மைதான். நான்கு வருடங்கள் அப்படியே போயின. பிறகு இரவில் எழும்புவது குறைந்தது, வலியும் நின்றது. நல்லெண்ணெய் தேய்த்தது பலித்துவிட்டது என்று நினைத்தோம். ஒருநாள் காலை அவருடைய சுட்டுவிரல் நுனியில் பெரிய கொப்பளம். இடியப்பச் சட்டியின் ஆவி பட்டிருக்கிறது. பட்டது அவருக்குத் தெரியவில்லை. நான் காட்டித்தான் பார்த்தார். நரம்பு குணமாகவில்லை. வலிக்கிறது என்று சொல்லும் வலுவையும் அது இழந்துவிட்டிருந்தது.

அந்த நோய்க்குக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். தமிழில் மணிக்கட்டுச் சுரங்க நோய் எனலாம். அம்மாவின் கிளினிக் கொப்பியில் அதை ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளாகச் சுருக்கி எழுதியிருந்தார்கள். கையில் என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் அதைத் தமிழிலேயே கற்பித்து, உடலின் உறுப்புகளுக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடினார். மணிக்கட்டில் அடிபட்டவர்களின் நரம்பு நெரிபடுவதை லண்டனில் ஜேம்ஸ் பஜெட் என்ற அறுவை மருத்துவர் 1854இல் எழுதி வைத்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அந்த யாழ்ப்பாணத்தில், ஒரு தாய்க்கு அவருடைய கையைப் பற்றி அவருடைய மொழியில் சொல்ல ஆள் இல்லாமல் போனதே என்ற கவலைதான் என்னை இதை எழுத வைத்தது. நான் வைத்தியர் அல்ல. அம்மாவோடு ஆறு வருடங்கள் அலைந்து, கேட்டு, வாசித்து அறிந்ததை எழுதுகிறேன்.

மணிக்கட்டுக்குள் ஓர் ஒழுங்கை

உள்ளங்கையை நிமிர்த்தி வையுங்கள். மணிக்கட்டில் குறுக்கே ஒரு மடிப்பு ரேகை தெரியும். அந்த ரேகையில் இருந்து உள்ளங்கைக்குள் ஓரிரு அங்குல நீளத்துக்கு ஓர் ஒடுங்கிய பாதை போகிறது. அடியிலும் இரு பக்கங்களிலும் சின்னச் சின்ன எலும்புகள் வளைந்து சுவராக நிற்கின்றன. மேலே தடித்த நார்ப்பட்டி ஒன்று கூரைபோல் இறுகக் கட்டியிருக்கிறது. இந்தப் பாதைக்குள்ளால்தான் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரேயொரு நரம்பும் போகின்றன. அந்த நரம்பின் பெயர் நடு நரம்பு.

இரு பக்கமும் மதில் எழுப்பிய எங்கள் ஊர் ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்பது சைக்கிள்களும் ஒரு சிறு பிள்ளையும் ஒரே நேரத்தில் அதற்குள்ளால் போகின்றன. சைக்கிள்காரர் ஒவ்வொருவரும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தால் மதில் விலகிக் கொடுக்காது; நசிவது பிள்ளைதான். தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினாலும், உடலில் நீர் கூடினாலும், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. எல்லாவற்றிலும் மென்மையான நரம்பு அதைத் தாங்குகிறது.

அந்த அழுத்தத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரஷர் பார்க்கும்போது சொல்லும் அதே பாதரச மில்லிமீற்றர்க் கணக்கில், நல்ல கையில் ஓய்வு நேரத்தில் 2 அல்லது 3 இருக்கும். இந்த நோய் உள்ள கையில் அது 30ஐத் தாண்டும். அதே கையின் மணிக்கட்டை முழுதாக மடக்கினால் 90ஐயும் தாண்டும். நித்திரையில் நாம் கையை மடக்கித் தலைக்கு அடியிலோ நெஞ்சோடோ வைத்துக்கொள்கிறோம். நள்ளிரவில் விறைத்து எழும்புவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். உதறும்போது மணிக்கட்டு நிமிர்கிறது, இரத்தம் ஓடுகிறது, நரம்புக்கு மூச்சு வருகிறது. ஆகவே “உதறினால் சரியாகிவிடுகிறது” என்பதைக் கேட்டு ஆறுதல் அடையாதீர்கள். வைத்தியர்கள் இந்த நோயைச் சந்தேகிக்கக் கேட்கும் முதல் அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

“கை முழுவதும் விறைக்கிறது” என்று சொல்வது

அம்மா முதன்முதலாக வைத்தியரிடம் சொன்னது இந்த ஒரு வசனம்தான். அவரும் ஒரு நரம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். வைத்தியரைக் குறை சொல்ல வரவில்லை. வெளியே நீண்ட வரிசை. அம்மா சொன்னதில் பிடித்துக்கொள்ள ஒரு துப்பும் இல்லை.

எந்த விரல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடு நரம்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. சின்னவிரலுக்கும் மோதிரவிரலின் மறுபாதிக்கும் வேறொரு நரம்பு. அது இந்தச் சுரங்கத்துக்குள்ளால் போவதில்லை. ஒரே மோதிரவிரலின் ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் நன்றாக இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் இந்த நோயின் மீதுதான் விழும்.

இன்றிரவு விறைத்து எழும்பினால் உதறுவதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள். சின்னவிரலைத் தொட்டுப் பாருங்கள். காலையில் ஒரு தாளில் கையை வைத்து வரைந்து, விறைத்த இடங்களைப் பென்சிலால் நிழலிடுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எந்த வேலையின்போது வந்தது என்பதை அடியில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் அந்தப் படம் சொல்வதை நாம் வாயால் சொல்ல முடியாது. அம்மாவுக்கு இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். தாளைப் பார்த்ததும் வைத்தியர் கதிரையை அருகில் இழுத்துப் போட்டார்.

சின்னவிரலும் அதன் பக்கத்துப் பாதியும் மட்டும் விறைத்தால் முழங்கையில் நெரிபடும் மற்ற நரம்பைப் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் சைக்கிள் ஓடுகிறவர்களுக்குக் கைபிடியின் அழுத்தத்தால் உள்ளங்கை ஓரத்தில் அந்த நரம்பு நசிவதும் உண்டு. தோலில் வெளிறிய, தொட்டால் தெரியாத திட்டு ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோயும் கை நரம்புகளைத் தாக்கும். அதற்கு முழுமையான மருந்து இருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் விரல்கள் போகின்றன.

சீனி, வாதம், கழுத்து: பிறர் சொல்லும் பெயர்கள்

கை விறைப்பு என்றால் எங்கள் ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். சீனி வருத்தம் உள்ளவராயின் “சீனிதான் நரம்பைத் தின்கிறது”. வயதானவராயின் “வாதம்”. எக்ஸ்ரே எடுத்தவராயின் “கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது”.

நீரிழிவு நரம்பைத் தாக்கும் என்பது சரியே. ஆனால் அது வழக்கமாகப் பாதங்களில் தொடங்கி, இரு கால்களிலும் ஒருமித்து ஏறி, வெகுகாலம் கழித்துத்தான் கைக்கு வரும். காலில் ஒன்றும் இல்லாமல் கையில், அதுவும் மூன்றரை விரல்களில் விறைப்பு என்றால் சீனி மட்டும் என்று விட்டுவிட முடியாது. இன்னொன்று: நீரிழிவு உள்ளவர்களுக்குக் கார்பல் டனல் நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. “எனக்குச் சீனி இருக்கிறது, ஆகவே இது அதுதான்” என்று இருந்துவிடுகிறவர்களே, சிகிச்சை செய்திருந்தால் கை தப்பியிருக்கக்கூடியவர்கள். என் பெரியம்மா அப்படி இருந்தவர்களில் ஒருவர். நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கழுத்தும் அவ்வாறே. 50 வயது தாண்டியவரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்வு ஏதும் இல்லாமல் இருப்பதுதான் அரிது. படத்தில் தேய்வு தெரிவதால் கை விறைப்பு அதனால் வந்தது என்று ஆகிவிடாது. கழுத்து நரம்பு நெரிபட்டால் வலி பெரும்பாலும் கழுத்தில் இருந்தோ தோளில் இருந்தோ கீழே இறங்கும். கழுத்தைத் திருப்பினால், அண்ணாந்தால் கூடும். மணிக்கட்டில் நெரிபட்டாலும் வலி முழங்கைக்கும் தோளுக்கும் ஏறலாம், அதனால்தான் குழப்பம். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. கழுத்துக்குப் பட்டி போட்டு ஆறு மாதம் கழித்தும் இரவு விறைப்பு மாறவில்லை என்றால் மணிக்கட்டைப் பாருங்கள் என்று நீங்களே கேட்கலாம்.

பாரிசவாதம் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்களுக்கு: அது திடீரென வரும். முகம் ஒரு பக்கம் கோணும், பேச்சுக் குழறும், கையோடு காலும் வலுவிழக்கும். அப்படி என்றால் எண்ணெய், ஒத்தடம், பக்கத்து வீட்டு யோசனை எதுவும் வேண்டாம். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

வேலையை மட்டும் குற்றஞ்சாட்டுவது

கைத்தொலைபேசி, கணினி என்று பிள்ளைகளைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கணினியில் தட்டெழுதுவதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பலர் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. வலுவாக இறுக்கிப் பிடிக்கும் வேலை, மணிக்கட்டை மடக்கியபடி திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிரும் கருவியைப் பிடிக்கும் வேலை ஆகியவற்றின் பங்கு அதைவிடத் தெளிவானது. யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்ட கைகளைத் தேடிப் போகத் தேவையில்லை. இடியப்ப உரல், தேங்காய் திருவும் திருவலை, பனையோலைப் பின்னல், சுருட்டுச் சுற்றல், நகைப் பட்டறை, லான்ட்மாஸ்டர் உழவு, வடமராட்சியில் இருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் உத்தியோகம், எல்லாவற்றிலும் மணிக்கட்டுதான் உழைக்கிறது.

ஆனாலும் வேலையை மட்டும் பார்ப்பது பிழை. ஒரே உரலைப் பிழியும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில் அதிகம். தைரொயிட் குறைவாகச் சுரந்தால் வரும். மூட்டுவாத நோயில் வரும். உடற்பருமன், முன்பு மணிக்கட்டு முறிந்து பொருந்திய கை, நெடுங்கால டயலிசிஸ் ஆகியவற்றோடும் வரும். ஆகவே கை விறைப்போடு களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் இருந்தால் தைரொயிட் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அம்மாவுக்கு அந்தப் பரிசோதனையை முதலில் ஒருவரும் செய்யவில்லை. பிறகு செய்தபோது தைரொயிட் குறைந்திருந்தது. நான்கு வருடமாக அவர் “வயது போகிறது, அதுதான் களைப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதத்தில் இரண்டு கைகளும் விறைத்தன. உடலில் நீர் கூடுவதால் வருவது. பெரும்பாலானோருக்குப் பிள்ளை பிறந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும். எனக்கும் இரண்டு மாதத்தில் போய்விட்டது. “எல்லாருக்கும் வருவதுதான், பிள்ளை பிறந்தால் போய்விடும்” என்று பெரியவர்கள் சொன்னது சரி. அதற்காக மூன்று மாதம் நித்திரை கொள்ளாமல் கிடக்க வேண்டும் என்பது பிழை. மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் பட்டியை (ஸ்பிளின்ட்) இரவில் போட்டால் கர்ப்ப காலத்திலும் எந்தக் கெடுதலும் இல்லை. கையோடு முகமும் வீங்கி, தலையிடியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது வேறு விடயம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எண்ணெய், ஒத்தடம், மாத்திரை

முறிவு நெரிவு வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு. என் தம்பியின் முழங்கையை ஒரு பரியாரியார்தான் பொருத்தினார். ஆனால் இந்த நோயில் மணிக்கட்டை அழுத்தி உருவுவதால் உள்ளே இருக்கும் நார்ப்பட்டி இளகப்போவதில்லை. ஏற்கனவே நெரிபடும் நரம்பை மேலும் நெரிப்பதாகவே அது முடியலாம். உணர்ச்சி குறைந்த கையில் சூடான எண்ணெயும் சுடு ஒத்தடமும் ஆபத்து. எவ்வளவு சூடு என்று அந்தக் கைக்குத் தெரியாது. கட்டாயம் ஒத்தடம் வேண்டும் என்றால் மற்றக் கையால் சூட்டைப் பாருங்கள்.

வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. பனடோலும் சரி, வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் சரி, இந்த நோயின் போக்கை மாற்றுவதில்லை. பிரஷர், சீனி உள்ள முதியவர்கள் வீக்க மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். கைக்காகச் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டாம்.

நரம்புச் சத்து மாத்திரை என்று பாமசியில் கேட்டால் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பி1, பி6, பி12 விற்றமின்கள் இருக்கும். நெரிபட்ட நரம்பை அவை விடுவிக்காது. அதைவிட, விற்றமின் பி6ஐ அதிக அளவில் நெடுங்காலம் எடுத்தால் அதுவே நரம்பைப் பழுதாக்கும். ஒரு விதிவிலக்கு: மெற்போமின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுக்கும் நீரிழிவு நோயாளருக்கும், மீனும் பாலும் தொடாத மரக்கறிக்காரருக்கும் பி12 குறையலாம். அதை இரத்தத்தில் பார்த்துவிட்டுக் கொடுப்பது சரியான வைத்தியம்.

கனடாவில் இருந்து வந்த பட்டி

அம்மாவுக்குப் பட்டி வாங்கிக் கொடுத்தது மாமிதான். ரொறன்ரோவில் இருந்து பொதியில் வந்தது. அன்போடு அனுப்பிய பொருள். அதை மூன்று பிழைகளோடு ஆறு மாதம் போட்டோம்.

முதலாவது, பகலில் வேலை செய்யும்போது போட்டு, இரவில் “கைக்கு ஓய்வு வேண்டும்” என்று கழற்றி வைத்தோம். பட்டி முக்கியமாக வேண்டியது இரவில்தான். மடங்கிய மணிக்கட்டைப் பற்றி மேலே எழுதியதை நினையுங்கள். பகலில் பட்டியோடு உரலைப் பிழிந்தால் கை அந்தப் பட்டியை எதிர்த்து இன்னும் பலமாக அழுத்துகிறது.

இரண்டாவது, அந்தப் பட்டிக்குள் இருந்த உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்து வைத்திருந்தது. கடையில் வரும் பல பட்டிகள் அப்படித்தான் வருகின்றன. முன்னுக்கு மடக்கினாலும் பின்னுக்கு வளைத்தாலும் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். கையும் முன்கையும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். தகட்டை வெளியே இழுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கிவிட்டுத் திரும்பச் செருகலாம். எங்களுக்கு அதைக் காட்டித் தந்தவர் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது, இறுக்கம். இறுகக் கட்டினால்தான் பிடிக்கும் என்று அம்மா வெல்குரோவை இழுத்து ஒட்டுவார். காலையில் தோலில் தழும்பு. பட்டிக்கும் கைக்கும் இடையில் ஒரு விரல் போக வேண்டும். விரல்கள் அடிமூட்டு வரை மடங்க வேண்டும். முறிவுக்குச் சுற்றும் துணிப் பன்டேஜ் இதற்கு ஈடாகாது. அது அழுத்தும், மடங்காமல் தடுக்காது.

இப்படிச் சரியாக, ஒவ்வோர் இரவும், குறைந்தது ஆறு வாரமாவது போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலன் இல்லை என்று சொல்ல வேண்டும். நாலு நாள் போட்டுவிட்டு அலுமாரியில் வைப்பவர்கள்தான் அதிகம். ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

ஊசி போட்டால் தீர்ந்துவிட்டது என்று நினைப்பது

சுரங்கத்துக்குள் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொயிட் ஊசி போட்டால் பலருக்குச் சில நாட்களில் நித்திரை வரும். அந்த நிம்மதி பெரியது. இரவு இரவாக எழும்பிய ஒருவருக்கே அதன் அருமை தெரியும். ஆனால் பலருக்கு மாதங்கள் கழித்து விறைப்புத் திரும்பும். ஊசியால் கிடைத்த காலத்தில் வேலை முறையை மாற்றவும், பட்டியைப் பழக்கவும், தைரொயிட்டையும் சீனியையும் கட்டுப்படுத்தவும் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்களுக்குச் சீனி ஏறும். அதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் அடிக்கடி பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஊசியாகவே போட்டுக்கொண்டு, பெருவிரல் மெலிவதைக் காணாமல் இருப்பதுதான் மோசம்.

பெருவிரல் மெலிவை வீட்டிலேயே பார்க்கலாம். பெருவிரலின் அடியில் உள்ளங்கையில் மேடாக இருக்கும் சதையை இரு கைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமை, ஊசியில் நூல் கோர்க்க முடியாமை, கையில் இருந்து கிளாஸ் நழுவுதல், சில்லறைக் காசைப் பையில் தடவி எடுக்க முடியாமை, இவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. பகலிலும் இரவிலும் ஓயாத விறைப்பும் அப்படியே.

இணையத்தில் பார்த்துத் தாமாகச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்திருக்கும் சோதனை அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் பேலனின் பெயரில் வழங்குகிறது. மணிக்கட்டில் விரலால் தட்டினால் மின்சாரம் அடித்ததுபோல் விரலுக்கு ஓடுகிறதா என்று பார்ப்பது பிரெஞ்சு நரம்பியலாளர் ஜூல் தினெல் 1915இல் எழுதிய முறையில் இருந்து வந்தது. இரண்டும் உதவும். ஆனால் நோய் இருந்தும் விறைப்பு வராமல் போகலாம், நோய் இல்லாமலும் வரலாம். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் பரிசோதனைதான் எவ்வளவு பாதிப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லும். ஆரம்ப நிலையில் அதுகூட சிலருக்குச் சரியாக இருப்பதாகவே காட்டும். ஆகவே அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

“நரம்பை வெட்டிவிடுவார்கள்”

அறுவைச் சிகிச்சை என்றதும் அம்மா சொன்னது இதுதான். அயலில் எல்லோரும் அதையே சொன்னார்கள். உண்மையில் வெட்டுவது நரம்பை அல்ல, அதன் மேல் கூரையாகக் கிடக்கும் நார்ப்பட்டியை. ஒழுங்கையின் மதிலைத் திறந்துவிடுவது போல. 1933இல் ஜேம்ஸ் லேர்மன்த் என்ற அறுவை மருத்துவர் இப்படி நார்ப்பட்டியை வெட்டி நரம்பை விடுவித்ததைப் பதிவு செய்தார். இன்று உலகெங்கும் மிக வழக்கமாகச் செய்யும் கை அறுவைகளில் இது ஒன்று. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிடங்களில் முடிப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். எமது அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. நரம்பில் காயம், தொற்று போன்ற பிரச்சினைகள் நேரலாம், ஆனால் அரிது. இரத்தம் கட்டியாகாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பயத்தை நான் குறை கூறவில்லை. ஒரு கையை நம்பி வாழ்கிறவருக்கு அந்தக் கையில் கத்தி படுவது சின்ன விடயம் அல்ல. ஆனால் “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்ற ஒவ்வொரு வருடமும் நரம்பு ஒரு பங்கை இழக்கிறது. இரவு விறைப்பு அறுவைக்குப் பிறகு விரைவில், சிலருக்கு அன்றிரவே, போய்விடும். நிரந்தர விறைப்புப் போகப் பல மாதங்கள் ஆகும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். கரைந்துபோன சதை திரும்பாமலே போகலாம்.

அறுவைக்குப் பிறகும் பிழை விட்டோம். கட்டு அவிழும் வரை அம்மா விரல்களை அசைக்கவே இல்லை. அசைத்தால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம். முதல் நாளில் இருந்தே விரல்களை விரித்து மடக்க வேண்டும், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். அசைக்காத விரல்கள் விறகாகிவிட்டன; அவற்றை இளக்க ஒரு மாதம் பிடித்தது. பிறகு தையல் பிரித்த உற்சாகத்தில் மூன்றாம் வாரமே உரலைப் பிடித்தார். உள்ளங்கையின் அடிப்பகுதியில் இரு பக்கமும் நோ எடுத்தது. வெட்டிய நார்ப்பட்டி ஆறும் வரை அங்கே நோவும் பிடி வலுக் குறைவும் இருப்பது இயல்பு. சிலருக்கு மூன்று மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும். தண்ணீர் வாளி, உரல், திருவலை, துணி பிழிதல் எல்லாவற்றையும் வைத்தியர் சொல்லும் வரை தள்ளி வைக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் அந்த வேலையை எடுத்துச் செய்தால்தான் அது நடக்கும்.

இப்போது உரல் பிழிவது தம்பி. அம்மா மாக் குழைத்துக் கொடுக்கிறார், அதுவும் பெரும்பாலும் இடக் கையால். வலப் பெருவிரலின் சதை திரும்பவில்லை. பொத்தான் பூட்ட இன்னும் என்னைக் கூப்பிடுவார். இரவில் நன்றாக நித்திரை கொள்கிறார்.

போன ஆவணி மாதத்தில் ஒருநாள் விடிய அடுப்படிக்குள் நுழைந்தபோது அவர் தட்டுகளுக்கு எண்ணெய் பூசியபடியே சொன்னார்: “பிள்ளை, நேற்று இரவு இடக் கையும் விறைத்தது. உதறுவதற்கு முதல் பார்த்தேன். சின்னவிரல் விறைக்கவில்லை, மற்றவை விறைத்திருந்தன.” அலுமாரியில் கிடந்த பழைய பட்டி வலக் கைக்கானது. அன்று பின்னேரமே இடக் கைக்கு ஒன்று வாங்கி, தகட்டை மேசை விளிம்பில் வைத்து நேராக்கினேன். அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனோம், பென்சிலால் நிழலிட்ட தாளோடு.